தோட்டாவுக்குக் கொழுப்புத் தடவியது ஏன்?



1857ஆம் ஆண்டில் வட இந்தியாவை உலுக்கிய பெரும் புரட்சியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய பேச்சும் உடன் எழுகின்றது. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைப் பல்லால் கடிக்கும்படி சிப்பாய்கள் ஏவப்பட்டனர் என்றும், அதனால் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே கொதித்தெழுந்தனர் என்றும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்காகத் தடவப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், துப்பாக்கிக் குழலின் உட்புறத்தைச் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே படியும் கசடுக்கும், அதனைத் தடுக்க மனிதன் பூசிய பூச்சுக்களுக்கும் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் நாட்டிலேயே, கல்கத்தாவை அடுத்த டம்டமில் நடந்தது.

பழைய கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்று பொருள்களின் கலவை. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ப்பது வழக்கம். இம்மருந்து எரியும்போது முழுவதும் வாயுவாக மாறிவிடுவதில்லை. 1875ஆம் ஆண்டில் நோபிள், ஏபெல் என்னும் இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூடிய பாத்திரத்தில் மருந்தை எரித்து ஆராய்ந்தபோது, அதன் எடையில் ஏறக்குறைய 43 பங்கே வாயுவாகிறது என்றும், எஞ்சிய 57 பங்கும் திடப் பொருளாகவே நிற்கிறது என்றும் கண்டனர். அத்திடப் பொருளில் ஒரு பகுதி புகையாக வெளியே பறந்துவிடும். மற்றொரு பகுதி குழலின் உட்சுவரில் கரியாகவும் உப்பாகவும் ஒட்டிக்கொள்ளும். ஈரக் காற்றில் அது நீரை உறிஞ்சிச் சேறுபோலாகி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். வறண்ட வெயிலில் ஓடுபோல் இறுகிவிடும். இதனையே நாம் கசடு என்று கூறுகிறோம்.

வழவழப்பான குழலுடைய பழைய துப்பாக்கிகளுக்கு இக்கசடு பெருந்தொல்லையாக இருக்கவில்லை. கம்பெனிப் பட்டாளங்கள் நெடுங்காலம் கையாண்ட பிரௌன் பெஸ் துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குல அகலமுடையது. அதில் இடும் குண்டோ அதனினும் சிறியது. குண்டுக்கும் சுவருக்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருந்தமையால், பல முறை சுட்ட பின்னரும் குண்டு தடையின்றி உள்ளே விழும். ஆனால் அவ்விடைவெளியின் காரணமாகவே குண்டு குழலுக்குள் இங்குமங்கும் முட்டி, வெளியேறும்போது எத்திசையில் செல்லும் என்பது நிச்சயமற்றதாக இருந்தது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிபார்த்து அடிப்பது பெரும்பாலும் தெய்வச் செயலே.

குழலின் உட்புறத்தில் திருகுபோல் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களை வெட்டினால், குண்டு பம்பரம்போல் சுழன்று நேராகச் செல்லும் என்பதை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். அவ்வாறு வரி வெட்டிய துப்பாக்கியே ரைபிள் எனப்படுவது. ஆனால் குண்டு சுழல வேண்டுமாயின், அது பள்ளங்களை இறுகப் பற்ற வேண்டும். இறுகப் பற்றும் குண்டை வாய்ப்புறத்திலிருந்து உள்ளே தள்ளுவதோ அரிது. இரண்டு மூன்று முறை சுட்டுக் கசடு படிந்துவிட்டால் அது மேலும் அரிதாகும். 1800ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சேனையில் பேக்கர் ரைபிள் வழங்கப்பட்டபோது, குண்டை அடித்து இறக்குவதற்காக முதலில் மரச்சுத்தியும் உடன் கொடுத்தார்கள் என்றால், அத்தொல்லையின் அளவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு 1849ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டவர் மினியே என்னும் பிரெஞ்சுப் படையதிகாரி. அவர் அமைத்த குண்டு உருண்டையாக இராமல் கூம்பு முனையோடு நீண்டிருந்தது; அடிப்புறம் குடைந்திருந்தது. குழலைவிடச் சற்றே சிறியதாகையால் அது எளிதில் உள்ளே இறங்கும். மருந்து வெடிக்கும் வேகத்தில் அதன் அடிப்புறம் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். இத்தத்துவத்தைத் தழுவி இங்கிலாந்தில் செய்யப்பட்டதே 1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள். அதன் குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய இடைவெளியில், குண்டைச் சுற்றிய காகிதமும் அடங்க வேண்டும். முன்பு சுட்ட மருந்தின் கசடும் அடங்க வேண்டும்.

இவ்விடத்திலேதான் கொழுப்பு வந்து சேர்கின்றது. தோட்டா என்பது அக்காலத்தில் ஒரு காகிதக் குழாய். அதன் ஒரு முனையில் மருந்தும் மறு முனையில் குண்டும் இருக்கும். குண்டிருக்கும் முனையை உருகிய கொழுப்பும் மெழுகும் கலந்த கலவையில் தோய்த்தெடுப்பார்கள். போர்வீரன் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் திருப்பிக் குண்டுள்ள முனையைக் குழலின் வாயில் செருகி, மிஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்து, இரும்புக் கோலால் குண்டை உள்ளே தள்ளுவான். குண்டோடு உள்ளே செல்லும் கொழுப்பு, குழலின் சுவரெங்கும் மெல்லிய பூச்சாகப் படியும். பழைய கசடு இறுகாமல் மென்மையாகும். அடுத்த குண்டு அதனைத் துடைத்துக்கொண்டு வெளியேறும். தோட்டாவின் மேல் தடவிய கொழுப்பு உண்மையில் குழலுக்காக உண்டானது.

சிப்பாய் கடித்த முனை வேறு, கொழுப்புத் தோய்ந்த முனை வேறு என்பதைக் காட்டி, சிப்பாய்களின் அச்சம் ஆதாரமற்றது என்று எழுதியவர்களும் உண்டு. அவ்வாதம் நியாயமானதன்று. மிருகக் கொழுப்பு நம் நாட்டுக் கோடையின் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். பெட்டியில் அடுக்கிய தோட்டாக்களில் ஒரு முனையில் தடவியது மறு முனைக்கும் பரவும், கையில் படும், கையிலிருந்து வாயிலும் படும். மேலும், ஆசாரமுள்ள ஒருவனுக்கு வாயில் படுவது மட்டுமே தீட்டு, கையில் படுவது தீட்டன்று என்று யார் வகுத்தது?

இங்கே மொழியைப் பற்றிய ஒரு செய்தியையும் கூற வேண்டும். சர்க்கார்க் காகிதங்களை மொழிபெயர்ப்போர் அடிக்கடி எதிர்ப்படும் இடர்ப்பாடு இது. அக்காலத்து ஆங்கிலக் குறிப்புகளில் இக்கொழுப்பு "டாலோ" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறது. உருக்கியெடுத்த மிருகக் கொழுப்பு என்பதே அதன் பொருள். அது மாட்டினுடையதா, ஆட்டினுடையதா என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. ஆங்கில அதிகாரிக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தமிழிலோ ஹிந்துஸ்தானியிலோ அதனைப் பெயர்க்க முற்படுபவன், எந்த மிருகத்தின் கொழுப்பு என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் சிப்பாயும் கேட்டான். அதற்கு விடை கூறக்கூடியவர் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. கொழுப்பைத் தருவித்தபோது ஒருவரும் விசாரித்து வைக்கவில்லை.

எச்சரிக்கை இல்லாமற்போகவில்லை. 1853ஆம் ஆண்டில், நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் கொழுப்பு எவ்வாறு நிற்கிறது என்று பார்ப்பதற்காக இங்கிலாந்திலிருந்து சில தோட்டாக்கள் அனுப்பப்பட்டன. அப்போது வங்காளச் சேனையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், கொழுப்பு எத்தகையது என்பது நன்கு தெரிந்தாலன்றி அத்தோட்டாக்களை இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கலாகாது என்று அவ்வாண்டு டிசம்பரில் எழுதினார். அக்கடிதம் உரிய கவனம் பெறாமலே போயிற்று.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே மற்றோர் எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து எழுந்தது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக் குறிகளை அழிக்கவும், தாடியை மழிக்கவும், தோல் சின்னம் பதித்த புதுவகைத் தலைப்பாகையை அணியவும் இட்ட கட்டளைகளே அதற்கு உடனடிக் காரணம். அத்தோல் எந்த மிருகத்தினது என்ற கேள்வி அங்கும் எழுந்தது. சென்னை கவர்னர் பெண்டிங்கும், பிரதம சேனாதிபதி கிராடக்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். வேலூரின் பாடம் கல்கத்தாவுக்கு எட்டவில்லை என்றே கூற வேண்டும்.

1857ஆம் ஆண்டு தொடக்கத்தில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்றிடங்களிலும் புதிய ரைபிளைப் பழக்குவதற்குப் பயிற்சிச் சாலைகள் ஏற்பட்டன. ஜனவரி மாதத்தில், டம்டம் ஆயுதசாலையில் வேலை செய்த கலாசி ஒருவன், பிராமணச் சிப்பாய் ஒருவனிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பைக் கேட்டான். சாதியைக் காட்டி மறுத்த சிப்பாயிடம், விரைவில் பசுவின் கொழுப்பையும் பன்றியின் கொழுப்பையும் கடிக்கப்போகும் உனக்குச் சாதி ஏது என்ற பொருளில் அவன் திருப்பிக் கேட்டான். ஜனவரி 22ஆம் நாள் காப்டன் ரைட் இதனை மேலிடத்துக்குத் தெரிவித்தார். பாரக்பூரின் தளபதி ஹியர்ஸே, கொழுப்பில்லாத தோட்டாக்களைக் கொடுத்து, சிப்பாய்களே கடைவீதியில் எண்ணெயும் மெழுகும் வாங்கிப் பூசிக்கொள்ள விடலாம் என்று யோசனை கூறினார். அம்மாத இறுதிக்குள் அரசாங்கமும் இதற்கு இசைந்தது.

யோசனை நல்லதே, காலம் கடந்துவிட்டது. கொழுப்பு நீங்கியது என்று அரசாங்கம் கூறியபோது, சந்தேகம் காகிதத்தின் மேல் திரும்பிற்று. புதிய தோட்டாக் காகிதம் பளபளப்பாக இருந்தது. சிப்பாய்கள் அதனை நீரில் நனைத்தும் நெருப்பில் எரித்தும் பார்த்து, அதில் கொழுப்பு இருப்பதாகவே முடிவு செய்தனர். பாரக்பூரில் பிப்ரவரி மாதம் நடந்த விசாரணையில் ஒருவர் பின் ஒருவராக இவ்வாறே சாட்சி சொன்னார்கள். ஒரு முறை நம்பிக்கை போய்விட்டால், உண்மையைச் சொன்னாலும் அது ஏறாது.

பின்னர் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். பிப்ரவரி 26ஆம் நாள் பெர்ஹாம்பூரில் 19ஆவது பட்டாளம் தோட்டாவை ஏற்க மறுத்தது. மார்ச் 31ஆம் நாள் அது கலைக்கப்பட்டது. இடையில் மார்ச் 29ஆம் நாள் பாரக்பூர் அணிவகுப்புத் திடலில் மங்கள் பாண்டே தனியொருவனாகத் துப்பாக்கியைத் தூக்கினான். ஏப்ரல் 8ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில், மூன்றாவது குதிரைப் பட்டாளத்தைச் சேர்ந்த 90 பேருக்குத் தோட்டா நீட்டப்பட்டபோது 85 பேர் மறுத்தனர். அவை பழைய தோட்டாக்களே. பல்லால் கடிக்கவும் வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று காட்டுவதற்காகவே அந்த அணிவகுப்பு கூட்டப்பட்டது. ஆயினும் அவர்கள் அஞ்சியது அந்தத் தோட்டாவை மட்டுமன்று. தொட்டால் தம் கூட்டத்தார் தம்மை ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சினர். மே 9ஆம் நாள், அனைவரும் பார்க்க, அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. பெரும்பாலோருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல். மறுநாள் மீரட் எழுந்தது. அதற்கு மறுநாள் டில்லியும் எழுந்தது.

புரட்சிக்குத் தோட்டா ஒன்றே காரணம் என்று கூறுவது பிழையாகும். நிலவரிச் சுமை, அயோத்தி ராஜ்யத்தைக் கவர்ந்தமை, சம்பளக் குறைகள், மதமாற்ற அச்சம் எனப் பல காரணங்களை அறிஞர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். ஆனால் சிப்பாய்கள் வெறும் வதந்தியை நம்பிய மூடர்கள் என்று பல காலம் எழுதிவந்ததும் பிழையே. 1857-58இன் போர்களில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவரும், பின்னாளில் பிரதம சேனாதிபதியாக விளங்கியவருமான ராபர்ட்ஸ் பிரபு, 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் சுயசரிதையில், தோட்டாக் கலவையில் ஆட்சேபத்துக்குரிய கொழுப்புகள் இருந்தன என்பதையும், போர்வீரர்களின் மத உணர்ச்சியை அதிகாரிகள் நம்பத்தகாத அளவுக்கு அலட்சியம் செய்தனர் என்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வியப்பு என்னவெனில், அக்கொழுப்பு தொழில்முறையிலும் சிறந்த பூச்சன்று. கோடையில் உருகிக் காகிதத்தில் ஊறிவிடும் பொருள், குழலுக்குள் செல்லும்போது போதிய அளவில் இராது. புரட்சிக் காலத்தில் ஆங்கிலப் போர்வீரர்களே, வெயிலில் கசடு இறுகி, குண்டு உள்ளே இறங்கவில்லை என்று முறையிட்டனர். பின்னர் குண்டின் அளவு 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கலவையில் தேன்மெழுகு முதன்மை பெற்றது. தேன்மெழுகு 62 பாகை வெப்பத்துக்கு மேல்தான் உருகும். இந்தியக் கோடையையும் தாங்கும். எந்த மதத்தினனும் அதனைத் தொடத் தயங்கமாட்டான். தேன்மெழுகு இந்நாட்டுக் கடைவீதிகளிலேயே கிடைக்கும் சரக்கு. முதலிலேயே அதனைத் தேர்ந்திருந்தால் குழலுக்கும் நன்மை, சிப்பாய்க்கும் நன்மை. 1866ஆம் ஆண்டில் பின்புறம் திறந்து உலோகத் தோட்டா இடும் ஸ்னைடர் முறை வந்தபோது, பல்லால் கடிக்கும் வழக்கமே ஒழிந்தது.

குழலின் கசடு அத்தோடு ஒழியவில்லை. 1884ஆம் ஆண்டில் வியேய் என்னும் பிரெஞ்சு ரசாயன நிபுணர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். கரிக்கசடு பெரிதும் குறைந்தது. ஆனால் குண்டின் வேகம் பெரிதும் உயர்ந்தமையால் வெறும் ஈயக் குண்டு பள்ளங்களில் நிலைத்து நில்லாமல் உரிந்தது. ஆகவே ஈயத்துக்குச் செம்பும் நிக்கலும் கலந்த உறையிட்டார்கள். அவ்வுறையோ தானே உரசிக் குழலில் உலோகப் படலமாக ஒட்டிக்கொண்டது. அதனை நீக்க நவச்சாரக் காரத்தன்மையுள்ள திராவகங்களை ஊற்றி ஊறவைத்தனர். தோட்டாவின் தீப்பொறிப் பொருளிலிருந்து எஞ்சும் உப்பு குழலைத் துருவேற்றியது. அதனைக் கரைக்கப் போர்வீரர்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவினர். 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குண்டுக்கு வெள்ளீயம் பூசிப் பார்த்தார்கள். கசடு குறைந்தது, ஆனால் வெள்ளீயம் தோட்டாக் கூட்டின் பித்தளையோடு பற்றிக்கொண்டு, சுடும்போது அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்தியது. முடிவில் செம்போடு சிறிதளவு துத்தநாகம் கலந்த உறையே எங்கும் நிலைபெற்றது.

பிறகு, குண்டுக்குப் பூசுவதைவிடக் குழலுக்கே நிலையான பூச்சு இடலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. மின்சாரத்தின் உதவியால் குழலின் உட்சுவரில் குரோமியம் என்னும் கடினமான உலோகத்தை மெல்லியதாகப் படியவைப்பது அம்முறை. குரோமியம் எளிதில் துருப்பிடிக்காது. இரும்பைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். கசடும் அதில் எளிதாக ஒட்டாது. 1939ஆம் ஆண்டின் ஜப்பானிய ரைபிளிலும், யுத்தத்துக்குப் பின் ரஷ்யர் செய்த கலாஷ்னிகாவிலும் இப்பூச்சு இடம்பெற்றது.

பூச்சை அலட்சியம் செய்தால் விளைவது என்ன என்பதற்கு வியட்நாம் யுத்தம் ஓர் உதாரணம். அமெரிக்கப் போர்வீரர்களுக்கு எம்.16 ரைபிள் வழங்கப்பட்டபோது, அதன் தோட்டா அறைக்கும் குழலுக்கும் குரோமியம் பூசப்படவில்லை. முதலில் சோதித்த மருந்துக்கு மாறாக, அதிகக் கசடு விடும் வேறு மருந்து சேர்க்கப்பட்டது. துடைக்கும் கருவிகளும் போதிய அளவில் அனுப்பப்படவில்லை. ஈரம் மிகுந்த காடுகளில் அறை துருப்பிடித்து, சுட்ட தோட்டாக் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. போர் நடுவே துப்பாக்கி பயனற்று இளைஞர் பலர் மாண்டனர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸின் குழு ஒன்று விசாரித்து அதிகாரிகளைக் கண்டித்தது. அவ்வாண்டிலேயே தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இடத் தொடங்கினார்கள். அங்கே மதமும் இல்லை, சாதியும் இல்லை. ஆயினும் நடந்தது ஒன்றே: துப்பாக்கியைக் கையில் ஏந்துகிறவன் முறையிட்டான், காகிதத்தில் எழுதுகிறவர் காலம் கடந்தே செவிசாய்த்தார்.

நம் நாட்டில் இக்கலை இன்று நம்மவர் கையிலேயே இருக்கின்றது. 1787இல் கம்பெனி வெடிமருந்துச் சாலை அமைத்த இஷாப்பூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைபிள் தொழிற்சாலை எழுந்தது. 1966ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலும் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை தோன்றியது. 1990களில் நம் படைக்கு வந்த இன்சாஸ் ரைபிள் இவ்விரண்டு இடங்களிலும் செய்யப்பட்டது. அதன் குழலின் உட்புறமும் குரோமியம் பூசியதே.

கல்கத்தாவில் வாழும் தமிழ் நேயர்களுக்கு டம்டம் என்றால் விமான நிலையமே நினைவுக்கு வரும். பாரக்பூரும் இஷாப்பூரும் சியால்டாவிலிருந்து ரயிலில் சென்று திரும்பும் தூரத்தில் ஒன்றையடுத்து ஒன்று இருக்கின்றன. மீரட்டோ டில்லித் தமிழர்களுக்கு அண்மையிலுள்ள ஊர். விடுமுறை நாளொன்றில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இவ்விடங்களுக்குச் செல்லும் பெற்றோர், மங்கள் பாண்டேயின் கதையோடு கர்னல் டக்கரின் கடிதத்தையும் சேர்த்துச் சொல்வார்களாக. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று அப்போதே ஒருவர் விசாரித்துப் பதில் எழுதியிருந்தால், டம்டம் சிப்பாய் கலாசிக்குச் சொல்ல ஒரு மறுமொழி இருந்திருக்கும்.